மெய்நிகர் நகர வடிவமைப்பு: அந்தமான் தலைநகர்

கட்டப்போகும் தெருவையும் கட்டடத்தையும் கணினியில் முப்பரிமாண மாதிரியாக எழுப்பி, தலையில் மாட்டும் திரைக்கருவியின் வழியே அதற்குள் உலவிப் பார்த்துத் திட்டத்தைத் திருத்தும் முறை மெய்நிகர் நகர வடிவமைப்பு எனப்படும். நிலமட்டம், மழை, போக்குவரத்து, குடிநீர்க் குழாய், மக்கள் நெருக்கம் ஆகிய தரவுகள் அம்மாதிரியோடு இணைக்கப்படும். தரவு இல்லாத மாதிரி வெறும் விளம்பரப் படம்தான். ஐவன் சதர்லாண்டு 1968-இல் காட்டிய தலைத்திரை இதற்கு முன்னோடி. 2014-இல் அறிவிக்கப்பட்ட ‘விர்ச்சுவல் சிங்கப்பூர்’ ஒரு நாட்டையே இவ்வாறு மாதிரியாக்க முனைந்த திட்டம்.

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்ட அந்தமான் தலைநகர் போர்ட் பிளேயர், மேடும் பள்ளமுமான ஊர். அதன் அபர்தீன் பஜார், ஜங்லிகாட் பகுதிகளைத் தாளில் பார்ப்பவருக்கு ஏற்ற இறக்கம் பிடிபடாது. சரிவில் ஒரு மாடி கூடினால் மேலே இருப்பவருக்குக் காற்றும் கடலும் மறையும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் பெய்யும் மழை எந்தச் சந்தில் இறங்கும் என்பதையும் முப்பரிமாண மாதிரியில் ஓட்டிப் பார்க்கலாம். 2016 மே மாதம் இந்நகர் பொலிவுறு நகரத் திட்டத்தில் சேர்ந்தது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கண்ணாடி இழை வடம் வந்தது. அதுவரை செயற்கைக்கோள் இணைப்பை நம்பியிருந்த தீவுகளில் இத்தகைய கனத்த கோப்புகளை அனுப்பிப் பெறுவது எளிதாக இருக்கவில்லை.

இங்கே பெரிய சிக்கல் தரை. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் நகரப் பகுதி சுமார் 1 மீட்டர் தாழ்ந்தது; வடக்கு அந்தமானின் மேற்குக் கரையிலோ பவளப்பாறைகள் நீருக்கு மேல் எழுந்தன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இங்கே கடல் ஏறி இறங்கும் உயரம் ஏறத்தாழ 2 மீட்டர். அதில் பாதியளவு நிலம் இறங்கியதால் நகரை ஒட்டிய சிப்பிகாட் வயல்களில் உப்புநீர் புகுந்து நின்றுவிட்டது. நிலநடுக்கத்துக்கு முந்தைய உயரக் குறிப்புகளை வைத்து மாதிரி செய்தால், ஓதம் ஏறும் இடம் திரையில் காய்ந்த மனையாகத் தெரியும். ஆழிப்பேரலைக்கு ஓடும் வழி, வடிகாலின் சரிவு, சாலையின் உயரம் எல்லாம் அந்தப் பிழையோடுதான் கணக்காகும். பூகம்ப அபாயம் மிகுந்த ஊருக்கு இது சின்னப் பிழையல்ல.

எதை மாதிரியில் சேர்ப்பது என்பது தொழில்நுட்பக் கேள்வி மட்டுமன்று. எடுத்துக்காட்டாக, இதே ஒன்றியப் பகுதியில் நிதி ஆயோக் முன்வைத்த பெரிய நிக்கோபார் திட்டம் துறைமுகம், விமான நிலையம், நகரியம் ஆகியவற்றுக்காக சுமார் 166 சதுர கிலோமீட்டரைக் கோருகிறது. துறைமுகம் அமையவிருக்கும் கலத்தியா விரிகுடா, தோணி ஆமைகள் முட்டையிடும் கரை. தீவின் காடு சோம்பென் மக்களின் வாழ்விடம். திரையில் கட்டடங்கள் மட்டும் எழுந்தால் இவை பார்ப்பவர் கணக்கிலேயே வராது.

இந்தியாவின் 2022 தேசிய புவிசார் கொள்கை, முக்கிய நகரங்களுக்கு 2035-க்குள் டிஜிட்டல் இரட்டை, அதாவது தரவோடு இணைந்த இத்தகைய கணினி மாதிரி, உருவாக்குவதை இலக்காக வைத்துள்ளது. ஸ்ரீ விஜயபுரத்தைப் பொறுத்தவரை முதல் செலவு, 2004-க்குப் பிந்தைய துல்லியமான உயர அளவீட்டுக்கே ஆக வேண்டும். தலைத்திரையைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.