அப்பா யார், தாத்தா யார்: 1951இன் விண்ணப்பங்களும் எங்கள் இன்டர்ன்ஷிப்பும்

போன வருசக் கடைசியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கொழும்பில் இருக்கிற சட்ட நிறுவனங்களுக்கு இன்டர்ன்ஷிப் விண்ணப்பம் அனுப்பத் தொடங்கினோம். மூன்று பேரும் பதுளை மாவட்டத்துத் தோட்டப் பிள்ளைகள். கலைப்பீடத்துக்குள்ளேயே சட்டத்துறையும் இயங்குகிற ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறோம். மொத்தம் பதினாறு விண்ணப்பம். பதினொன்றுக்குப் பதிலே வரவில்லை. மூன்றுக்கு "வருந்துகிறோம்" என்று இரண்டு வரி. இரண்டுக்கு மட்டும் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள்.

பதுளையிலிருந்து இரவு ரயில் ஏறி, விடியக் கோட்டையில் இறங்கி, ஸ்டேஷனிலேயே முகம் கழுவி உடுப்பு மாற்றிக்கொண்டு போனோம். சட்டத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்று ராத்திரி முழுக்கப் படித்திருந்தோம். கேட்டது வேறு. அப்பா என்ன செய்கிறார்? குடும்பத்தில் யாராவது இந்தத் துறையில் இருக்கிறார்களா? உங்களை யார் அறிமுகப்படுத்தியது? மூன்றுக்கும் எங்களிடம் இருந்த பதில் அரை நிமிசத்தில் முடிந்துபோச்சு. கேட்டவர் மரியாதையாகத்தான் கேட்டார். ஆனாலும் இடம் கிடைக்கவில்லை.

ஊருக்குத் திரும்பி வந்து இதைச் சொன்னபோது, எங்களில் ஒருத்தியின் அம்மாயி சிரித்தார். "எங்கப்பாகிட்டயும் இதத்தானே கேட்டாங்க. ஒங்கப்பன் எங்க பொறந்தான், அவனோட அப்பன் எங்க பொறந்தான்னு." பிறகு தகரப் பெட்டியைத் திறந்து, மடிப்பெல்லாம் கிழிந்த ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அவருடைய அப்பா போட்ட பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கு வந்த நிராகரிப்புக் கடிதம். ஆங்கிலத்தில் இருந்தது. எழுபது வருசத்துக்கு மேலாக அந்தப் பெட்டியில் இருந்த அந்தக் கடிதத்தை முழுதாக வாசித்து அர்த்தம் சொன்ன முதல் ஆட்கள் நாங்கள்தான்.

இந்தக் கட்டுரை அந்தக் கடிதத்திலிருந்து தொடங்கியது.

எங்கள் மக்களுக்கு ஒன்றும் தெரியாது, அதனால்தான் உரிமை போனது என்று ஒரு பேச்சு இருக்கிறது. ஊவாவின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1940இல் தோட்டங்களில் வேலைநிறுத்த அலை எழுந்தபோது அது உச்சத்துக்குப் போனது ஊவாவில்தான். பதுளைக்குப் பக்கத்து வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் தாங்களே ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் குழுவோடு கலந்து பேசித்தான் காரியம் செய்வேன் என்று தோட்டத்துத் துரை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அடக்க வந்த பொலிஸாரின் ஆயுதங்களையே தொழிலாளர்கள் பறித்துக்கொண்டார்கள். பிறகு பொலிஸ் அடக்குமுறையும், அதே நேரம் ஊவாவை வெளியிலிருந்து துண்டித்துப்போட்ட வெள்ளமும் சேர்ந்துதான் அந்த அலையை அடக்கின.

ஏழு வருசம் கழித்து, 1947 பொதுத் தேர்தலில், இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை என்று நீளும் அந்த வரிசையில் பதுளையில் வென்றவர் எஸ். எம். சுப்பையா. அடுத்த தேர்தல் 1952இல் நடந்தது. அதில் இந்த ஏழில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வாக்களித்த மக்கள் எங்கேயும் போகவில்லை, அதே லயத்தில்தான் இருந்தார்கள். வாக்காளர் இடாப்பில் பேர்தான் இல்லை.

இடையில் வந்தவை மூன்று சட்டங்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், பரம்பரையால் பிரஜை ஆவதற்கு, இலங்கையிலேயே பிறந்த ஒருவரிடமும் அவருடைய அப்பா இங்கே பிறந்தவரா என்று கேட்டது. அப்பா இல்லையென்றால் அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும். பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத தோட்டத்தில் மூன்று தலைமுறைக்கு எங்கே போய்ச் சான்றிதழ் எடுப்பது? 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் விண்ணப்பித்துப் பெறுகிற இன்னொரு வழியைத் திறந்தது. அதே வருசம் வந்த 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜைக்கு மட்டுமே வாக்கு என்று ஆக்கியது.

எங்களுக்கு முக்கியமானது நடுவில் உள்ளது, விண்ணப்பம் போடுகிற சட்டம். அது ஒரு தெரிவு முறை. 1946 ஜனவரி 1க்கு முன்னால் விவாகமானவர் ஏழு வருசமும், மற்றவர் பத்து வருசமும் தொடர்ச்சியாக இலங்கையில் வாழ்ந்திருக்க வேண்டும். இடையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே போயிருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும். வருமான வழியைக் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் தாள் வேண்டும். விண்ணப்பிக்க இரண்டு வருசம், கடைசித் திகதி 1951 ஓகஸ்ட் 5. காங்கிரஸ் முதலில் இந்தச் சட்டத்தைப் பகிஷ்கரித்தது. பிறகு முடிவை மாற்றியது. அதற்குள் காலம் நிறையப் போய்விட்டது.

சுமார் 8,25,000 பேருக்கு விண்ணப்பம் போனது. பல வருச விசாரணைக்குப் பிறகு பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. ஆறு பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். துரையோடு மேசையில் உட்கார்ந்து பேசத் தெரிந்த மக்கள் படிவத்தில் தோற்றார்கள்.

அம்மாயியின் அப்பாவுக்கு வந்த கடிதத்தில் சொல்லியிருந்த காரணம் வதிவிடத் தொடர்ச்சி. தங்கச்சி கல்யாணத்துக்கென்று இந்தியாவுக்குப் போனவர், காய்ச்சலில் விழுந்து, பன்னிரண்டு மாதம் தாண்டித்தான் திரும்பினாராம். கடிதத்தை வாசித்ததும் எங்களுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஒரு கேள்விதான். இதை ஏன் மேன்முறையீடு செய்யவில்லை? ஆணையாளரின் தீர்ப்புக்கு எதிராகக் குறித்த காலத்துக்குள் உயர் நீதிமன்றம் போக அந்தச் சட்டத்திலேயே வழி இருந்தது. போனால் வென்றிருப்பார் என்று எங்களால் சொல்ல முடியாது. ஆனால் அப்படி ஒரு வழி இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல லயத்தில் ஆள் இல்லை. அம்மாயியிடம் கேட்டோம். "பெட்டிசம் எழுதுறவரு ஒருத்தரு டவுன்ல இருந்தாரு. காசு கேட்டாரு. அப்பா வுட்டுட்டாரு" என்றார்.

இதன் மறுபக்கத்தையும் மலையக வரலாறே காட்டுகிறது. 1936இல் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞர் மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்துக்குத் துரை வேலை பழக வந்தார். இன்றைய பேச்சில் சொன்னால் தோட்டத்து இன்டர்ன். அவர் தொழிலாளர் பக்கம் நின்றார், வேலை போச்சு. சமசமாஜக் கட்சி மேடைகளில் பேசினார். 1937 ஏப்ரலில் ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்த உத்தரவிட்டார். எச். வி. பெரேரா அவருக்காக நீதிமன்றத்தில் வாதாடினார். மே 18ஆம் திகதி, பிரதம நீதியரசர் சிட்னி ஏப்ரகாம்ஸ் தலைமையிலான நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்றது. உத்தரவுக்கும் தீர்ப்புக்கும் இடையில் ஒரு மாதம்கூட இல்லை. நல்ல சட்டத்தரணி ஒருவர் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

மலையக மக்களுக்காக யாருமே வழக்காடவில்லை என்று சொன்னால் அது பொய். கோடாக்கன்பிள்ளை வழக்கு இருக்கிறது. ருவன்வெல்லத் தொகுதி இடாப்பில் பேர் மறுக்கப்பட்ட அவருக்குக் கேகாலையில் சாதகமான முடிவு கிடைத்தது. 1951இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1953இல் லண்டனில் பிரிவி கவுன்சிலும் கைவிரித்தது. சட்டம் எல்லோருக்கும் பொதுவாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது, ஒரு சமூகத்தைக் குறிவைக்கவில்லை என்பது அந்தத் தீர்ப்புகளின் சாரம். பெரிய வழக்கு ஒன்று தோற்றுப்போச்சு. ஆனால் லட்சக்கணக்கான சின்னக் கோப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார ஆள் இல்லாததுதான் எங்களை இன்னும் உறுத்துகிறது. பிறகு 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேர் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு அரசாங்கங்கள் எங்களைப் பங்கு போட்டன. அம்மாயியின் இரண்டு அண்ணன்மார் நீலகிரிக்குப் போனார்கள். எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, அந்த ஆள் ஏன் இல்லை? சட்டத்தொழிலின் வாசல் எப்படி இருந்தது என்று பார்த்தால் விளங்கும். கொழும்பில் சட்டக் கல்லூரி 1874இல் தொடங்கியது. அப்போது தொழில் இரண்டு தட்டு: அப்புக்காத்து, பிறக்கிராசி. பிறக்கிராசியாக வேண்டுமானால் ஏற்கெனவே தொழிலில் இருக்கிற ஒருவரிடம் சேர்ந்து பழக வேண்டும். அதாவது உள்ளே இருப்பவர் கைபிடித்துக் கூட்டிப்போனால்தான் உள்ளே போகலாம். 1974இல் இரண்டு தட்டும் ஒன்றாகி எல்லோரும் சட்டத்தரணி ஆனார்கள். ஆனாலும் பழகுகிற முறை போகவில்லை. இன்றைக்கும் பரீட்சை முடித்தவர் ஆறு மாதம் ஒரு மூத்த சட்டத்தரணியிடம் பயிலுநராக இருக்க வேண்டும். அந்த மூத்தவரைத் தேடிக்கொள்வது மாணவரின் பொறுப்பு. தெரிந்தவர் இருக்கிற பிள்ளைக்கு அது ஒரு போன் கோல். எங்களுக்குப் பதினாறு விண்ணப்பம்.

மொழியும் ஒரு வாசல்தான். வடக்குக் கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம். மொழிபெயர்ப்புக் கேட்கிற உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது. ஆனால் பதுளை நீதிமன்றத்தில் நிற்கிற கொழுந்து பறிக்கிற அம்மாவுக்கு அந்த உரிமையை யார் சொல்வது? சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துகிற ஒழுங்குவிதி வந்தபோது எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. 2023இல் பாராளுமன்றம் அதை நிராகரித்தது. ஆனால் கொழும்பு நிறுவனங்களின் நேர்முகத் தேர்வு ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. அதை எந்தப் பாராளுமன்றமும் மாற்றப்போவதில்லை. நாங்கள்தான் ஆங்கிலம் பேசிப் பழக வேண்டும். பழகுகிறோம்.

நிராகரிப்பு வந்தால் முதலில் எங்களை நாங்களே திட்டிக்கொண்டோம். சிவி சரியில்லை, உச்சரிப்பு சரியில்லை, பேசாமல் ஆசிரியர் கலாசாலைக்குப் போயிருக்கலாம் என்று. அதில் பாதி உண்மைதான், முதல் சிவியில் நாங்கள் விட்ட பிழைகளை இப்போது பார்த்தால் எங்களுக்கே சிரிப்பு வருகிறது. வரலாறு எங்கள் பிழையைத் திருத்தித் தராது. ஆனால் எது எங்கள் பிழை, எது எங்களுக்கு முன்னாலேயே சாத்தியிருந்த வாசல் என்று பிரித்துப் பார்க்க அது உதவுகிறது. அப்படிப் பிரிக்காவிட்டால் பதினேழாவது விண்ணப்பம் எழுதக் கை வராது.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். அனுப்பிய ஒவ்வொரு விண்ணப்பமும், கேட்ட ஒவ்வொரு கேள்வியும், சொன்ன பதிலும், சொல்லியிருக்க வேண்டிய பதிலும் ஒரே கோப்பில் தமிழில் எழுதி வைக்கிறோம். அடுத்த வருசம் வருகிற பிள்ளை சைபரிலிருந்து தொடங்கத் தேவையில்லை. "யார் அறிமுகப்படுத்தியது" என்று கேட்டால் சொல்ல அவர்களுக்கு எங்கள் மூன்று பேரின் பெயராவது இருக்கும். எங்களில் ஒருத்திக்குக் கொழும்பு கிடைக்காவிட்டாலும் பதுளையிலேயே ஒரு சட்டத்தரணி இடம் கொடுத்திருக்கிறார். விடுமுறையில் காலையில் போய் உறுதிகளை வாசித்து, கோப்பு அடுக்கி, வருகிறவர்களுக்குத் தமிழில் விளங்கப்படுத்துகிறாள். காணி உறுதி, மரணச் சான்றிதழில் எழுத்துப் பிழை, சேமலாப நிதி என்று தோட்டத்து ஆட்கள் கொண்டுவருகிற பிரச்சினைகளில் பாதி இன்னமும் தாள் பிரச்சினைதான். 2014இல் மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது ஆட்களோடு சேர்ந்து தாள்களும்தான் புதைந்தன.

அம்மாயியின் கடிதத்தைப் படம் எடுத்துவிட்டு, தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தோம். "இனிமே இத வச்சி என்ன செய்ய" என்று கேட்டார். செய்ய ஒன்றுமில்லை, அந்த மேன்முறையீட்டுக் காலம் எப்போதோ முடிந்துபோச்சு. இருந்தாலும் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தார். அன்றைக்கு ராத்திரி நாங்கள் பதினேழாவது விண்ணப்பத்தை அனுப்பினோம்.