அடுப்பைத் தேர்ந்தெடுத்தது யார்?

சென்னை நகரத்து அடுப்புகள் ஒரு காலத்தில் படகில் வந்த விறகை நம்பித்தான் எரிந்தன. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டில் வெட்டிய விறகு பக்கிங்காம் கால்வாய் வழியே நகருக்கு வந்து இறங்கும். அங்கிருந்து விறகுத் தொட்டிகளுக்குப் போய், எடை போட்டு, தலைச்சுமையாகவும் வண்டியிலும் வீடு சேரும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் போடப்பட்டதற்குப் பெரிய காரணம் ரயில் இன்ஜினுக்கு விறகு தேவைப்பட்டதுதான். ரயில் நிலக்கரிக்கு மாறிய பிறகும் சவுக்கு நின்றுவிடவில்லை, சமையலறைக்குள் நுழைந்து முக்கால் நூற்றாண்டுக்கும் மேல் கோலோச்சியது. ஒரு வீட்டில் என்ன அடுப்பு எரிய வேண்டும் என்பதை அந்த வீட்டுக்கு வெளியே நடக்கும் காரியங்கள் முடிவு செய்தன. தமிழ்நாட்டு அடுப்பின் கதை நெடுக இதுதான் நடந்திருக்கிறது. அடுப்பின் முன்னால் உட்கார்ந்தவளிடம் யாரும் அதிகம் கேட்கவில்லை.

மண் அடுப்பு மட்டும் இதற்கு விலக்கு. அதை அவளே செய்துகொண்டாள். களிமண்ணோடு வைக்கோலோ உமியோ சேர்த்துப் பிசைந்து, தன் வீட்டுப் பானையின் அளவுக்கு வாய் வைத்து, பானை உட்கார மூன்று குமிழ் எழுப்பி, காயவைத்து, சாணம் மெழுகுவாள். புறநானூற்றின் 164-ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் தன் வீட்டு வறுமையைச் சொல்லும்போது, சமைத்து நாளாகிப் போனதால் காளான் பூத்துக் கிடக்கும் அடுப்பைக் காட்டுகிறார். அந்த அடுப்புக்கும் குமிழ்கள் உயர்ந்து நிற்கின்றன. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக அதே வடிவம் நின்றிருக்கிறது என்றால் அதில் பொருள் இருக்கிறது. பக்கத்திலேயே கொடி அடுப்பு ஒன்றை இணைத்தால், முதல் அடுப்பில் சோறு கொதிக்கும்போது மிஞ்சும் அனலில் குழம்பு சுண்டும். கல்யாணத்துக்கும் கோயில் விருந்துக்கும் கோட்டை அடுப்பு. பொங்கலுக்கு முற்றத்தில் மூன்று கல். விறகு ஈரமாக இருந்தால் அடுப்புக்கு மேலே பரணில் காயும். வறட்டி, சுள்ளி, தென்னை மட்டை, பருத்திமார் என்று கைக்குக் கிடைத்தது எல்லாம் எரியும். காசு கொடுத்து வாங்க வேண்டிய பாகம் ஒன்றுகூடக் கிடையாது.

அதற்கான விலையைக் கண்ணும் நுரையீரலும் கொடுத்தன. ஊதாங்குழலை வாயில் வைத்துக் குனிந்து ஊதும்போது முகத்துக்கு நேரே வருவது முழுமையாக எரியாத விறகின் புகை. அதில் கரியமில வாயு மட்டும் இல்லை. கார்பன் மோனாக்சைடும் மூச்சோடு உள்ளே போகும் நுண்துகள்களும் உண்டு. சென்னை ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் இந்தப் புகையை அளந்து 2002-இல் ஆய்வை வெளியிட்டது. சமைப்பவர்தான் அதிகப் புகையை உள்ளிழுக்கிறார், சமைக்காமல் வீட்டுக்குள் இருப்பவரும் தப்புவதில்லை, அடுப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் கணக்கில் வருகிறது என்று அது காட்டியது.

நகரத்துக்கு வேறு அடுப்புகள் தேவைப்பட்டன. ஒண்டுக் குடித்தனத்தில் புகைபோக வழி ஏது? அங்கே குமுட்டி அடுப்பு வந்தது. மரக்கரியைப் போட்டு விசிறியால் வீசினால் தணல் பிடிக்கும், புகை குறைவு, தூக்கி இடம் மாற்றலாம். கொல்கத்தாவில் இந்துமாதவ் மல்லிக் 1910-இல் இக்மிக் குக்கரை உருவாக்கினார். கீழே கரி, மேலே அடுக்கடுக்காகச் சோறும் பருப்பும் காயும் ஆவியில் வேகும். அதே வகையைச் சேர்ந்த ருக்மணி குக்கர் தமிழ் வீடுகளில் பெயர் பெற்றது. மர அறுவை மில்கள் இருந்த ஊர்களில் மரத்தூள் அடுப்பு. தகர டப்பாவின் நடுவில் பாட்டிலையோ கட்டையையோ நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இறுகக் கிட்டித்து, நடுவில் நின்றதை மெல்ல உருவி எடுத்தால் காற்றுப்போக ஒரு துளை நிற்கும். பற்றவைத்துவிட்டால் மணிக்கணக்கில் ஊதாமல், தள்ளிவிடாமல் எரியும். மறுபடி கிட்டிப்பது மட்டும்தான் வேலை. இவை எல்லாமே கிடைத்த எரிபொருளுக்கு ஏற்பக் கண்டுபிடித்த சாதுரியங்கள்.

புகையை ஒழிக்க வேண்டும் என்று முதலில் முனைந்தவர்கள் எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் அல்ல, கிராமத் தொண்டர்கள். காந்தி 1934-இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. வார்தாவில் சங்கம் இயங்கிய மகன்வாடியில் உருவான புகையில்லா அடுப்பு, மகன் சூல்ஹா என்ற பெயரில் 1947 வாக்கில் அறிமுகமானது. ஹைதராபாத்தில் பொறியாளர் எஸ்.பி. ராஜு புகைபோக்கி வைத்த இன்னொரு அடுப்பை வடிவமைத்தார். கோடிக்கணக்கான வீடுகளுக்குப் புகையில்லாச் சமையலறை என்று பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய சிறுநூலை 1953-இல் சென்னை கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் வெளியிட்டது. விறகை மாற்றச் சொல்லாமல் அடுப்பை மட்டும் மாற்றச் சொன்னதுதான் இந்த முயற்சிகளின் பெருமை.

அந்த எண்ணத்தையே 1983-க்குப் பிறகு மத்திய அரசு தேசிய மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டமாக எடுத்துக்கொண்டது. 2002-இல் திட்டம் முடிவதற்குள் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் போடப்பட்டதாகக் கணக்கு. ஆனால் வாய் ஒரே அளவு, வீட்டுப் பானைகளோ பல அளவு. பெரிய விறகு நுழையாத இடத்தில் வாயை உடைத்து அகலமாக்கினார்கள். புகைபோக்கியில் கரி அடைத்தால் யார் சுத்தம் செய்வது என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோவும் அவருடைய சகாக்களும் ஒடிசா கிராமங்களில் இத்தகைய அடுப்புகளைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். முதல் ஆண்டில் புகை குறைந்தது. பழுது பார்க்காததாலும் பயன்பாடு சரிந்ததாலும் பிறகு அந்தப் பலன் இல்லாமல் போனது. தன் கையால் செய்த அடுப்பு உடைந்தால் அவளே பூசிக்கொள்வாள். அரசு போட்ட அடுப்பு உடைந்தால் அது உடைந்ததுதான்.

மண்ணெண்ணெய் வேறு பாதையில் வந்தது. முதலில் அது விளக்குக்கான எண்ணெய். ஸ்வீடனில் 1892-இல் ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் உருவாக்கிய பிரைமஸ் ஸ்டவ் அதைச் சமையலுக்கு இழுத்து வந்தது. தொட்டியில் எண்ணெய் ஊற்றி, பம்ப் அடித்து அழுத்தம் ஏற்றினால், சூடான குழாயில் எண்ணெய் ஆவியாகி நீலச் சுடராகச் சீறும். பாத்திரத்தில் கரி பிடிக்காது. அமுண்ட்சென் தென்துருவத்துக்கு எடுத்துப்போன அடுப்பு தமிழ்நாட்டில் பம்ப் ஸ்டவ் ஆனது. துளை அடைத்துக்கொண்டால் குத்தி எடுக்க மெல்லிய ஸ்டவ் பின் எப்போதும் கைவசம் இருக்கும். சத்தமில்லாத திரி ஸ்டவ் இன்னொரு வகை. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மண்ணெண்ணெயைச் சிக்கனமாக எரிக்க வேண்டிய கட்டாயம் வந்தது. இந்தியன் ஆயிலின் ஆய்வு மையம் உருவாக்கிய நூதன் திரி ஸ்டவ் 1970-களின் பிற்பகுதியில் கடைக்கு வந்தது. ரேஷன் கடையில் டின்னும் கையுமாக நின்ற வரிசை அந்தக் காலத்துக் குடும்ப நேரத்தில் ஒரு பெரும் பங்கைத் தின்றது.

இந்த அடுப்போடு ஒட்டிய கறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு என்ற செய்தி 1970-களிலும் 80-களிலும் நாளிதழ்களில் அடிக்கடி வந்தது. வெடித்தவை சில உண்டு. மலிவான தொட்டி, அடைத்த துளை, எரியும்போதே எண்ணெய் ஊற்றுவது எல்லாம் விபத்துக்குக் காரணம் ஆயின. ஆனால் திருமணமாகிச் சில ஆண்டுகளே ஆன மருமகள்களுக்கு மட்டும் ஏன் ஸ்டவ் இப்படி வெடிக்கிறது என்று பெண்கள் அமைப்புகள் கேட்டன. அந்தப் போராட்டங்களின் அழுத்தத்தில் 1983-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவும், 1986-இல் வரதட்சிணைச் சாவைக் குற்றமாக்கும் 304பி பிரிவும் சேர்ந்தன. ஒரு சமையல் கருவி கொலைக்குச் சாக்காகப் பயன்பட்டதை ஒப்புக்கொண்டு நாட்டின் சட்டமே மாற வேண்டியிருந்தது.

கேஸ் அடுப்பு இந்த வரிசையில் நிமிர்ந்து நின்று சமைக்க வைத்த அடுப்பு. குழாய் வழி நிலக்கரி வாயு கொல்கத்தா தெருவிளக்குகளுக்கு 1857-லேயே வந்துவிட்டது. சிலிண்டரில் அடைத்த சமையல் எரிவாயுவை பர்மா ஷெல் கம்பெனி 1955-இல் பம்பாயில் விற்கத் தொடங்கியது. இந்தியன் ஆயிலின் முதல் இண்டேன் இணைப்பு 1965 அக்டோபரில் கொல்கத்தாவில் கொடுக்கப்பட்டது. மணலியில் மதராஸ் சுத்திகரிப்பு ஆலை 1969-இல் இயங்கத் தொடங்கியது. புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு, கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகச் சேர்த்த மெர்காப்டன் நாற்றம், 14.2 கிலோ சிவப்பு சிலிண்டர். இவற்றோடு மேடைச் சமையல் பரவியது. தரையில் உட்கார்ந்து அரிந்து, தரையில் உட்கார்ந்து ஊதி, தரையிலிருந்து பானையைத் தூக்கி வடித்த உடம்புக்கு இது எத்தனை பெரிய விடுதலை என்பதை அதை அனுபவித்தவர்கள்தான் அறிவார்கள்.

ஆனால் கேஸ் வேண்டும் என்றவர்க்கு எல்லாம் கேஸ் கிடைக்கவில்லை. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினரின் பரிந்துரைக் கூப்பன் கிடைத்தால் வரிசையைத் தாண்டலாம். இரண்டாவது சிலிண்டர் இருக்கும் வீடு வசதியான வீடு. ஏழை வீடுகளுக்கு அடுப்பும் இணைப்பும் சேர்த்து இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தை மு. கருணாநிதி தலைமையிலான அரசு 2007 பொங்கலையொட்டித் தொடங்கியது. மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கியது. அண்மைக் கால தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்ட வீடுகள் தூய எரிபொருளில் சமைக்கின்றன. அடுப்பு வந்தபின்பும் அடுத்த சிலிண்டர் வாங்கக் காசில்லாத மாதங்களில் கிராம வீட்டுப் புறக்கடையில் விறகு எரிகிறது. வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் மாட்டுத்தீவனம் காய்ச்சவும் இன்னமும் விறகுதான்.

அவன் (oven) என்பது தமிழ்ச் சமையலுக்கு அவசியமாகவே இருந்ததில்லை. அவிப்பதும் கொதிப்பதும் தாளிப்பதும் பொரிப்பதும்தான் நம் சமையல். ரொட்டி சுட பேக்கரிக்காரரிடம் விறகுச் சூளை இருந்தது. யாழ்ப்பாணத்தார் அதைப் போறணை என்பார்கள். வீட்டில் கேக் செய்ய ஆசைப்பட்டவர்கள் குக்கரில் மணல் பரப்பி, வெயிட் போடாமல் சுட்டார்கள். தேக்சா மூடி மேல் தணலைப் பரப்பித் தம் போடும் ஆம்பூர் பிரியாணிக்காரர் மேலும் கீழும் சூடு கொடுக்கும் அவனின் வேலையைத்தான் செய்கிறார். வட்ட வடிவ மின்சார அவனும் மைக்ரோவேவும் ஓ.டி.ஜி.யும் பிறகு வந்தன. பல வீடுகளில் மைக்ரோவேவ் சோறு சூடாக்கும் பெட்டியாக நின்றுபோனது. சமைக்கும் பழக்கத்துக்குப் பொருந்தாத கருவி எத்தனை உயர்ந்ததாக இருந்தாலும் மூலைக்குத்தான் போகும்.

இண்டக்‌ஷன் அடுப்புக்கு வாசல் திறந்ததும் டெல்லி முடிவு ஒன்றுதான். 2012 செப்டம்பரில் மானிய சிலிண்டர் ஆண்டுக்கு ஆறு என்று மத்திய அரசு வரம்பு விதித்தது. பின்னர் அது ஒன்பதாகவும் பன்னிரண்டாகவும் உயர்ந்தது. அதற்குள் கடைகளில் இண்டக்‌ஷன் அடுப்பு விற்றுத் தள்ளியது. கண்ணாடித் தட்டுக்கு அடியில் உள்ள செம்புச் சுருளில் மாறுமின்னோட்டம் ஓடி, பாத்திரத்தின் அடிப்பாகத்தையே சூடாக்கும் நுட்பம் அது. அதே 2012-இல்தான் தமிழ்நாட்டில் ஒரு நாளில் பாதிக்கு மேல்கூட மின்வெட்டு இருந்தது. வாங்கியவர்கள் பெட்டியைப் பிரித்துவிட்டு, மின்சாரம் வரக் காத்திருந்தார்கள். மின்வெட்டு தீர்ந்து, 2016 முதல் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றும் ஆனபின் அது இரண்டாவது அடுப்பாக நிலைத்தது.

இன்றைக்குக் கடையில் நிற்பவருக்கு முன்னால் இருக்கும் தேர்வு முன்னெப்போதும் இருந்ததைவிட விரிந்தது. மேடையில் வைக்கும் ஸ்டீல் அடுப்பு, கண்ணாடி அடுப்பு, கிரானைட்டை வெட்டிப் பதிக்கும் ஹாப், இண்டக்‌ஷன், இவற்றின் கலவை. இந்தியத் தரநிலை வீட்டுக் கேஸ் அடுப்புக்குக் குறைந்தது 68 சதவீத வெப்பத்திறன் கேட்கிறது. இண்டக்‌ஷன் அதைவிடக் கூடுதலாகத் தரும், ஆனால் காந்தம் ஒட்டும் அடிப்பாகம் இல்லாத பாத்திரத்துக்கு ஒன்றும் செய்யாது. ஈயச் சொம்பும் மண்சட்டியும் வெண்கல உருளியும் உள்ள வீட்டில் கேஸைக் கைவிட முடியாது. பதித்த ஹாப்பில் பர்னர்கள் நெருக்கமாக இருந்தால் பெரிய குக்கரும் அகன்ற வாணலியும் ஒரே நேரத்தில் உட்காராது. பொங்கி வழியும் பாலும் கஞ்சியும் பர்னருக்குள் இறங்கினால் கழற்றித் துடைக்க வழி இருக்க வேண்டும். எந்த அடுப்பானாலும் ஜன்னலும் புகைபோக்கி விசிறியும் வேண்டும். கேஸ் சுடரிலும் நைட்ரஜன் டைஆக்சைடு உண்டு, தாளிக்கும் எண்ணெய்ப் புகையும் நுரையீரலுக்கு நல்லதல்ல.

மேம்படுத்தப்பட்ட அடுப்பு தோற்றதற்கும் கேஸ் வென்றதற்கும் பொறியியலைத் தாண்டிய காரணம் ஒன்று உண்டு. முன்னது சமைப்பவரின் வேலையைக் கூட்டியது, பின்னது குறைத்தது. அந்த வேறுபாட்டை அடுப்படியில் நிற்பவர் ஒரே நாளில் சொல்லிவிடுவார். அதனால் அடுப்பு வாங்கப் போகும்போது விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன், வீட்டில் தினமும் சமைப்பவரை, அது மனைவியோ கணவரோ அம்மாவோ சமையலுக்கு வரும் அக்காவோ, கூடவே அழைத்துச் செல்லுங்கள். தன் பெரிய பாத்திரத்தை அவர் அதன் மேல் வைத்துப் பார்க்கட்டும், குமிழைத் திருகிப் பார்க்கட்டும். முடிவை அவரிடம் விடுங்கள்.