நரம்பறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு

நரம்பறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு என்பது மூளை, தண்டுவடம், நரம்புகள் ஆகியவற்றின் அமைப்பையும் செயற்பாட்டையும் பற்றி, பல்கலைக்கழகத்திலோ ஆய்வு நிறுவனத்திலோ ஒரு நெறியாளரின் கீழ் மேற்கொள்ளப்படும் உயர்நிலை ஆய்வுப் படிப்பு ஆகும். இது நரம்பியல் மருத்துவத்தில் வழங்கப்படும் டி.எம். பட்டத்தினின்றும் வேறுபட்டது. டி.எம். பட்டம் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்களுக்குரியது. முனைவர் பட்ட ஆய்வில் மருத்துவம் படிக்காதோரும் சேரலாம்.

தகுதி

உயிரியல், உளவியல், இயற்பியல், கணிதம், பொறியியல் எனப் பல துறையினரும் இத்துறைக்குள் வருகின்றனர். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவற்றின் மின் குறிப்பலைகளைப் பதிவு செய்யவும் பகுத்தாயவும் கணிதமும் கணிநிரலாக்கமும் தேவைப்படுவதே இதற்குக் காரணம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஆம் ஆண்டு விதிகளின்படி, முதுநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர்களும், நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்கள் தமக்கெனத் தனி விதிகளைக் கொண்டுள்ளன.

ஆய்வின் படிநிலைகள்

மாணவர் முதலில் பாடநெறிகளை முடித்து, பின்னர் ஆய்வுத் திட்டத்தை முன்வைக்க வேண்டும். மனிதர்களையோ விலங்குகளையோ கொண்டு செய்யும் சோதனைகளுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவை. இறுதியில் ஆய்வேடு அளித்து, வாய்மொழித் தேர்வில் அதனை நிறுவ வேண்டும்.

காலமும் உதவித்தொகையும்

மேற்கூறிய விதிகளின்படி குறைந்த அளவு 3 ஆண்டுகளும், மிகுந்த அளவு 6 ஆண்டுகளும் அனுமதிக்கப்படுகின்றன. மறுபதிவின் மூலம் மேலும் 2 ஆண்டுகள் வரை பெறலாம். தேசியத் தகுதித் தேர்வின் வழியாகக் கிடைக்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாகவும், முதுநிலை உதவித்தொகை 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. இவ்விரண்டும் சேர்ந்து 5 ஆண்டுகளுக்கே கிடைக்கும். எனவே ஆய்வு ஆறாம் ஆண்டுக்கு நீண்டால் மாணவர் வேறு நிதி தேட நேரிடும். விலங்குகளைப் பழக்குவதற்கும் கருவிகளை அமைப்பதற்குமே பல மாதங்கள் செல்லும் இத்துறையில் இது முக்கியமானது. சேரும் முன்னரே, அந்த ஆய்வகத்தில் முந்தைய மாணவர்கள் ஆய்வை முடிக்க எத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டனர் எனக் கேட்டறிவது நன்று.

நிறுவனங்கள்

பெங்களூரில் உள்ள தேசிய மனநலம் மற்றும் நரம்பு அறிவியல் நிறுவனம் (நிம்கான்சு), இந்திய அறிவியல் கழகத்தின் நரம்பறிவியல் மையம், தேசிய உயிரியல் அறிவியல் மையம் ஆகியனவும், அரியானா மாநிலம் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையமும் குறிப்பிடத்தக்கவை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் இயங்குகிறது. இம்மையம் 2024 இல் மனிதக் கருவின் மூளையைக் காட்டும் 'தரணி' என்னும் முப்பரிமாண வரைபடத் தொகுப்பை வெளியிட்டது.

தமிழ்நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

தமிழ்நாட்டில் 1951 இல் பிறந்த வி. எசு. இராமச்சந்திரன் சென்னை இசுடான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்றார். பின்னர் கேம்பிரிச்சுப் பல்கலைக்கழகத்தின் திரினிட்டி கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்றார். கையை இழந்தோர் இல்லாத கையில் உணரும் வலியைத் தணிக்க, 1990களில் அவர் எளிய கண்ணாடிப் பெட்டி ஒன்றைப் பயன்படுத்தினார். 2007 இல் அவருக்குப் பத்ம பூசண் விருது வழங்கப்பட்டது.