உடைத்த கப்பலை மறுபடி கட்டிய ஊர்

துருக்கியின் கருங்கடல் கரையில் இருக்கிறது சாம்சுன் நகரம். அங்கே பந்திர்மா என்ற கப்பல் அருங்காட்சியகமாக நிற்கிறது. பார்த்தால் நூறு வயது தெரியும். உண்மை வயது கால் நூற்றாண்டு.

அசல் கப்பல் 1878-இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் பிறந்தது. அப்போது பெயர் ட்ரோகாடரோ. கிரேக்கர்களிடம் போய், பிறகு உஸ்மானியர்களிடம் வந்து, பந்திர்மா ஆனது. நாற்பது வயது தாண்டிய பிறகுதான் அதற்கு யோகம் அடித்தது. முதல் உலகப் போரில் துருக்கி தோற்று, தலைநகரில் நேச நாட்டுப் படைகள் வந்து உட்கார்ந்திருந்த நேரம். 1919 மே 16 அன்று படைத் தளபதி முஸ்தபா கெமால் அதில் ஏறி இஸ்தான்புல்லை விட்டுக் கிளம்பினார். கையில் சுல்தான் அரசின் உத்தரவு: படை ஆய்வாளராகப் போய் அமைதி காக்க வேண்டும், ஆயுதங்களைத் திரும்பப் பெற வேண்டும். மே 19 அன்று சாம்சுனில் இறங்கியவர் செய்தது நேர் எதிர்: எதிர்ப்புப் போரைத் திரட்டினார். 1922-இல் சுல்தான் ஆட்சி போனது. 1923-இல் அவர் தலைமையில் குடியரசு வந்தது.

கப்பலை 1925-இல் பழைய இரும்புக்காக உடைத்துவிட்டார்கள். இரண்டே ஆண்டில், ஆறு நாள் நீண்ட தம் புகழ்பெற்ற உரையைக் கெமால் தொடங்கியதே சாம்சுனில் இறங்கிய நாளிலிருந்து! தம் பிறந்தநாளாகவும் அவர் அந்த மே 19-ஐத்தான் சொல்லிக்கொண்டார்.

ஊர் முதலில் எழுப்பியது கப்பலை அல்ல, சிலையை. ஆஸ்திரியச் சிற்பி ஹைன்ரிஹ் க்ரிப்பல் வியன்னாவில் செய்த கெமாலின் வெண்கலச் சிலை கப்பலேறி வந்து, 1932 ஜனவரி 15 அன்று திறக்கப்பட்டது. கெமால் அப்போது உயிரோடு ஆட்சியில் இருந்தார். முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைமேல் அவர். அத்தனை எடையையும் பின்னங்கால்களும் வாலும் தாங்குகின்றன. வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. ஆனால் வந்தவர் கடல்வழியாக வந்தார். சிலையில் எங்கிருந்தோ ஒரு குதிரை.

அந்தக் குறையைத் தீர்க்க ஊருக்கு எழுபது ஆண்டு ஆனது. அசலின் அளவிலேயே புதிய பந்திர்மாவைக் கட்டி, கெமாலையும் உடன் வந்தவர்களையும் மெழுகில் செய்து உள்ளே வைத்து, 2003-இல் திறந்தார்கள்.

சாம்சுன் போகிறவர்கள் குதிரையோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட வேண்டாம். கப்பலுக்குள்ளும் ஏறிப் பாருங்கள். முழு நீளமே ஏறக்குறைய 47 மீட்டர்தான்.