சிலுவைத் தாலி பிறந்த கதை

புதுக்கோட்டை மாவட்டத்தில் விராலிமலைப் பக்கம் ஆவூர் என்றொரு ஊர். ஈஸ்டருக்கு அங்கே பாஸ்கா நாடகம் நடக்கும், தேரும் ஓடும். கூட்டத்தில் வரும் பெண்கள் பலர் கழுத்தில் தாலி, தாலியில் சிலுவை. இன்று யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தத் துளித் தங்கத்துக்காக ரோமாபுரி வரை வழக்குப் போனது. வாதாடப் போனவர்களில் ஒருவர் ஆவூர்ச் சாமியார்.

கதை மதுரையில் தொடங்குகிறது. 1606இல் அங்கு வந்த ராபர்ட் தெ நோபிலி, கிறிஸ்தவனாக வேண்டுமென்றால் குடுமியை அறுக்க வேண்டியதில்லை, பூணூலைக் கழற்ற வேண்டியதில்லை என்றார். விசுவாசம் வேறு, ஊர் வழக்கம் வேறு என்பது அவர் கணக்கு. சக குருக்களே எதிர்த்தார்கள். 1623 ஜனவரி 31 அன்று பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி தீர்ப்பளித்தார்: பூணூல், குடுமி, சந்தனம், குளியல் எல்லாம் இருக்கலாம், அவற்றில் சிலை வழிபாடு கலக்காத வரைக்கும்.

அந்த வழியில் வந்தவர்தான் ழான் வெனான்ஸ் பூஷே என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குரு. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் ஆவூரில் கோயில் கட்டியவர். ஆவூர்ச் சாமியார் என்றது இவரைத்தான். பின்னாளில் வீரமாமுனிவரும் இதே ஊரில் பணி செய்தார்.

1703 நவம்பரில் பாப்பரசரின் தூதராகத் தூர்னோன் புதுச்சேரியில் வந்து இறங்கினார். உடம்பு சரியில்லை, உள்நாட்டுக் கிராமங்களுக்கு அவர் போகவே இல்லை. கேட்டறிந்ததை வைத்தே மறுவருஷம் ஜூன் 23 தேதியிட்டு ஆணை எழுதி, ஜூலையில் வெளியிட்டுவிட்டுக் கப்பலேறினார்.

அந்த ஆணையில்தான் தாலி வருகிறது. அந்நாளைய தாலியில் பிள்ளையார் உருவம் இருந்தது. மஞ்சள் தோய்த்த 108 இழைச் சரட்டில் அதைக் கோத்துக் கட்டினார்கள். கிறிஸ்தவப் பெண்கள் அந்தத் தாலியும் அணியக் கூடாது, அந்தச் சரடும் ஆகாது என்றார் தூர்னோன். ஆனால் கல்யாணமானவள் என்பதற்கு அடையாளம் வேண்டுமே? சிலுவையோ, இயேசு அல்லது மாதா உருவமோ பொறித்த வேறு தாலி அணியலாம் என்றும் அவரே வழிவிட்டார். தடை போட வந்த காகிதமே சிலுவைத் தாலிக்குப் பிறப்புச் சீட்டானது.

தாலியில் மாற்று வழி சொன்னவர், ஞானஸ்நானத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. குரு தம் எச்சிலைத் தொட்டு வைப்பதும் வாயால் ஊதுவதும் அன்றைய சடங்கில் இருந்தன. இந்த நாட்டில் எச்சில் என்றால் தீட்டு என்று, நோபிலி வழியில் வந்த மதுரை மிஷன் குருக்கள் அவற்றை விட்டுவிட்டிருந்தார்கள். விடவே கூடாது என்றது ஆணை. பூஷேயும் லாய்னஸ் என்ற இன்னொரு குருவும் ரோமாபுரிக்குப் போய் வாதாடினார்கள். லாய்னஸ் 1707இல் அங்கே ஒரு நூலே அச்சிட்டார். வழக்கு இழுத்தது. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் பெரும்பாலும் தூர்னோன் பக்கமே தீர்த்தார். இந்தியாவுக்கு வந்த குருக்கள் இதற்குக் கட்டுப்படுவதாகச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அந்தச் சத்தியம் 1940இல்தான் நீங்கியது. 1969இல் வந்த புதிய ஞானஸ்நானச் சடங்கிலோ எச்சிலும் இல்லை, ஊதுவதும் இல்லை. ஒரு காலத்தில் விடவே கூடாததாக இருந்தது, விடக்கூடியதாகிவிட்டது.

அப்படியானால் ஆவூர்ச் சாமியார் பக்கமே நியாயமா? பாதிதான். அதே ஆணையில் இன்னொரு கட்டளையும் உண்டு: பறையர் சாகக் கிடந்தால் குரு அவர் குடிசைக்கே போய் அவஸ்தைப் பூசுதல் கொடுக்க வேண்டும். அப்படிப் போனால் மேல்சாதியார் விலகிவிடுவார்கள் என்று இதற்கும் தயங்கினார்கள் மிஷன் குருக்கள். மேல்சாதியாருக்குச் சந்நியாசிச் சாமியார், மற்றவர்களுக்குப் பண்டாரச் சாமியார் என்று பிரித்தே வைத்திருந்தார்கள். 1744 தீர்ப்புக்குப் பிறகும் பறையருக்கெனத் தனிக் குருக்களை ஒதுக்கும் ஏற்பாடுதான் வந்தது. சந்தனத்தை வழக்கம் என்று சரியாக நிறுத்த தராசு, சாதியையும் வழக்கம் என்றே நிறுத்துவிட்டது. எல்லா மனிதரும் கடவுளின் பிள்ளைகள் என்பது விசுவாசத்தின் ஆணிவேர். அதை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, எச்சிலுக்கும் சரட்டுக்கும் நாற்பது வருஷம் வழக்காடினார்கள்.

எது முதல், எது அடுத்தது என்று பிரித்துப் பார்ப்பது நல்ல வழக்கம்தான். ஆனால் 'இது சின்ன விஷயம்' என்று சொல்பவர் யார், அதனால் அடிபடுபவர் யார் என்றும் கூடவே பார்க்க வேண்டும்.

இன்றைக்குக் கத்தோலிக்கக் கோயில் கல்யாணத்தில் சாமியார் தாலியை மந்திரித்துக் கொடுக்கிறார், மாப்பிள்ளை கட்டுகிறார். திருச்சபைச் சட்டப்படி கல்யாணத்தைக் கல்யாணம் ஆக்குவது அந்தத் தாலி அல்ல. மணமக்கள் வாய்விட்டுச் சொல்லும் சம்மதம். தாலி இல்லாமல் கல்யாணம் செல்லும். சம்மதம் இல்லாமல் செல்லாது.