மன்னாரின் காற்றும் அதன் கணக்கும்



மன்னார்த் தீவுக்குக் காற்று புதிய விருந்தாளி அன்று. வைகாசி பிறந்ததும் தென்மேற்கிலிருந்து எழுகின்ற சோளகம் புரட்டாதி வரை ஓயாது வீசும். ஐப்பசிக்குப் பின் வாடை வந்து மழையைக் கொணரும். இக்காற்றுகளை நம்பியே இத்தீவினர் தோணி செலுத்தினர்; வலை வீசினர்; கருவாடு உலர்த்தினர். இன்று அதே காற்று மின்சாரமும் தருகின்றது. அதனால் அவ்வூர் மக்களுக்கு விளைந்த நன்மை யாது, தீமை யாது என்பதை எவ்வாறு மதிப்பிடுவது? இவ்வினாவுக்கு விடை காண, முதலில் இக்கடற்கரையின் பழைய கணக்கு ஒன்றைப் புரட்டிப் பார்த்தல் பயன்தரும்.

அது முத்துக் குளிப்பின் கணக்கு. இரு பருவக் காற்றுகளுக்கும் இடையே கடல் அமைதியுறும் மாசி, பங்குனி, சித்திரை மாதங்களே குளிப்புக்கு உரிய காலம். நள்ளிரவில் எழும் நிலக்காற்று, சிலாபத்துறை, அரிப்புப் பகுதிகளிலிருந்து தோணிகளை முத்துப் பார்களுக்கு இட்டுச் செல்லும். நண்பகலை ஒட்டி எழும் கடற்காற்று, சிப்பி நிறைந்த தோணிகளைக் கரை சேர்க்கும். கூலி கேளாத தொழிலாளியாகக் காற்று உழைத்த காலம் அது.

1905 ஆம் ஆண்டுக் குளிப்பில் அரசாங்கத்துக்குச் சுமார் 25 இலட்சம் ரூபா வருமானம் கிடைத்தது. அத்தொகையின் பெருமையில் மயங்கி, 1906 இல் முத்துப் பார்களை ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தனர். ஆனால் 1907 க்குப் பின் பார்களில் முத்துச் சிப்பி அற்றுப் போயிற்று. கம்பனியும் சில ஆண்டுகளில் கலைந்தது. இத்தனைக்கும் 1902 இல் இங்கு வந்து ஆராய்ந்த விலங்கியற் பேராசிரியர் ஹேர்ட்மன், பருவக் காற்றினால் அலைந்து வரும் கடலடி மணல் இளஞ்சிப்பிகளை மூடி அழித்துவிடுவதைத் தமது அறிக்கையில் விளக்கியிருந்தார். தோணியைக் கரை சேர்த்த காற்றின் ஒரு முகத்தை மட்டும் கணக்கில் எழுதினர். கடலின் அடியிலே மணலை அள்ளிக் கொட்டிய மறுமுகத்தை எழுதாது விட்டனர். ஒரு பருவத்து வரவைக் கொண்டு பல்லாண்டுகளுக்கு மதிப்பிட்டதன் விளைவு அது.

இனிக் காற்றாலைக்கு வருவோம். டென்மார்க்கில் அஸ்கோவ் என்னும் சிற்றூரின் பாடசாலையிலே போல் லா கூர் என்னும் ஆசிரியர் 1891 இல் காற்றைக் கொண்டு மின்சாரம் ஆக்கினார். அம்மின்சாரத்தால் நீரைப் பகுத்து, ஐதரசன் வாயுவைச் சேமித்து, பாடசாலைக்கு விளக்கேற்றினார். கிராமத்து இளைஞர்களை அழைத்து மின்தொழிலும் பயிற்றினார். அவரிடம் பயின்ற யூல் என்பவரே 1957 இல் கெட்சர் என்னும் இடத்தில், பிற்காலக் காற்றாலைகளுக்கு முன்மாதிரியாக விளங்கிய ஆலையை நிறுவினார். அஸ்கோவின் சிறு காற்றாலையை மதிப்பிடுவது எளிது. அதன் ஓசையைக் கேட்டவரும் அதன் ஒளியில் படித்தவரும் ஓரூரார். நன்மையும் தீமையும் ஒரே ஏட்டில் பதிவாயின.

ஆலை பெரிதாக ஆக, ஏடும் இரண்டாகப் பிரிந்தது. காற்றின் வேகம் இருமடங்கானால் அதில் அடங்கிய ஆற்றல் எட்டு மடங்காகும். ஆகவே பலத்த காற்று வீசும் கரைகளைத் தேடிப் பெரும் ஆலைகள் சென்றன. மன்னார் வளைகுடாவின் அக்கரையிலே, தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் 1986 இல் காற்றாலைகள் சுழலத் தொடங்கின. இலங்கையில் 1999 இல் அம்பாந்தோட்டையில் 3 மெகாவாட் அளவில் ஒரு முன்னோடித் திட்டம் அமைந்தது. 2020 டிசெம்பர் 8 ஆம் நாள், மன்னார்த் தீவின் தென்கரையில் ‘தம்பபவனி’ திறந்துவைக்கப்பட்டது. ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட் வலுவுடைய 30 ஆலைகள், மொத்தம் 103.5 மெகாவாட். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு இலங்கை மின்சார சபை அதனை நிறுவியது.

நடுக்குடாவில் திரட்டப்படும் மின்சாரம் மன்னார், வவுனியா வழியாக அநுராதபுரம் சென்று நாட்டின் பொது இணைப்பிற் கலக்கின்றது. எண்ணெயும் நிலக்கரியும் வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாட்டுக்கு இது பெரும் பேறு, இதை மறுப்பதற்கில்லை. எனினும் ஆலையின் நிழலில் வாழ்பவர் செலுத்தும் மின்கட்டணமும் கொழும்பில் வாழ்பவர் செலுத்தும் கட்டணமும் ஒன்றே. நன்மை நாடெங்கும் பரவுகின்றது. சுமையோ ஓரிடத்தில் தங்குகின்றது.

அச்சுமை பற்றி ஊரார் கூறுவன எவை? ஆலைகளுக்காக அமைத்த பாதைகளும் மேடைகளும் மழைநீர் கடலுக்கு ஓடும் வழியைத் தடுத்தன என்பர். கரைவலைத் தொழில் குன்றிற்று என்பர். பறவைகளின் நிலை பற்றியும் கவலை உண்டு. மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் தங்கும் இடங்களுள் மன்னார் முக்கியமானது. அயலிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010 இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. 2025 ஓகஸ்டில், புதிய ஆலைகளுக்கான பாகங்கள் தீவுக்குள் வருவதை எதிர்த்து மக்கள் வீதியில் இறங்கினர். சனாதிபதி அநுர குமார திசாநாயக்க வேலைகளை ஒரு மாதம் நிறுத்திவைக்கப் பணித்தார். செப்ரெம்பரில் வேலைகள் மீண்டும் தொடங்கியபோது எதிர்ப்பும் மீண்டும் எழுந்தது.

இங்கேதான் பருவத்தின் கணக்கு நமக்கு வேண்டியதாகின்றது. மின்சாரம் மிகுதியாக விளைவது சோளகக் காலத்தில். வெள்ளம் தேங்குவதும் வலசைப் பறவைகள் நிறைவதும் வாடைக் காலத்தில். ஆடி மாதத்தில் வந்து பார்ப்பவருக்குச் சுழலும் ஆலைகள் தெரியும். கார்த்திகையில் வீட்டு முற்றத்தில் நிற்கும் நீர் தெரியாது. ஆகவே ஆண்டு முழுவதையும், அதுவும் ஆலை எழுமுன் ஓராண்டையும் எழுந்தபின் பல ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தாலன்றி மதிப்பீடு நிறைவுறாது. கிணற்று நீரின் மட்டமும் உவர்ப்பும், கரைவலையில் நாள்தோறும் விழும் மீனின் நிறை, இரவில் வீட்டினுள் கேட்கும் ஓசை, ஆலையடியில் இறந்து கிடக்கும் பறவைகளின் தொகை ஆகிய யாவும் எழுதப்பட வேண்டும். இவ்வளவைகளை ஊரவரும் உடனிருந்து எடுத்தால், ஊரார் முறையீடு மெய்யா மிகையா என்பது வாதமின்றி விளங்கும். இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் ஆலை முதுமையுற்றபின் அதனை அகற்றும் செலவு யாருடையது என்பதும் அதே ஏட்டில் இடம்பெற வேண்டும்.

வரவிலும் ஊருக்குப் பங்கு இருத்தல் நன்று. டென்மார்க்கில் 2009 இல் நடைமுறைக்கு வந்த சட்டம், புதிய காற்றாலையின் பங்குகளில் 20 சதவீதத்தை அயலில் வாழ்வோர்க்கு விலைக்கு வழங்குமாறு விதித்தது. அந்த ஏற்பாடு பின்னர் மாற்றப்பட்டதாயினும், சுமையைத் தாங்குவோர் வரவிலும் பங்குகொள்ளத் தக்கவர் என்னும் நியாயம் அதில் அடங்கியிருந்தது.

முத்துப் பார்களின் கணக்கைத் தவறாக எழுதியவர்கள் மன்னாரில் வாழ்ந்தவர் அல்லர். ஆயினும் இழப்பு மன்னாரையே சேர்ந்தது. காற்றின் கணக்கை எழுதும்போதாவது, பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் வாழ்வோரை அருகே அமர்த்திக்கொண்டு எழுதுவது முறையாகும்.