டக் டக் டக்: வண்டி திரும்பும்போது கேட்கும் சத்தத்தின் வரலாறு

இந்த வாரக் கதை ஏலகிரி மலைப்பாதையில தொடங்குது. மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவு. அப்பா ஓட்டுறார், நான் பக்கத்துல. வண்டி பழைய மாருதி 800. மூணாவது வளைவில வலப்பக்கம் முழுசா ஒடிச்சு ஆக்சிலரேட்டர் மிதிச்சதும், இடது முன்சக்கரத்துல இருந்து டக் டக் டக். வண்டி நேரானதும் சத்தம் நின்னுடுச்சு. ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில முப்பது வருஷம் கட்டிங் மெஷின் முன்னாடி நின்னவர் எங்கப்பா. சத்தம் அவருக்குப் பெரிய விஷயமே இல்ல. ரேடியோவைக் கூட்டி வச்சுட்டார்.

வேலூர்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினோம். ஓட்டிக்கூடப் பார்க்காம, ரெண்டு பக்க ஆக்சிலையும் மாத்தணும்னு சொன்னாங்க. செலவு, அப்பாவோட ஒரு மாசச் சம்பளத்துல பாதி. "ஓடுற வரைக்கும் ஓடட்டும்"னு அப்பா கிளம்பிட்டார். ஆனா அந்த இணைப்பு மலையேறும்போது முழுசா உடைஞ்சா, என்ஜின் எவ்வளவு உறுமினாலும் வண்டி நகராது. வளைவில, பின்னாடி பஸ் வர்ற நேரத்துல அப்படி நின்னா என்ன ஆகும்? எனக்குத் தூக்கம் வரல. படிக்க ஆரம்பிச்சேன்.

அம்பாசடர்ல ஏன் இந்தச் சத்தம் இல்ல?

அம்பாசடர்ல என்ஜின் முன்னாடி, ஆனா தள்ளுறது பின்சக்கரம். முன்சக்கரத்துக்குத் திரும்புற வேலை மட்டும்தான். என்ஜினோட சுழற்சியைப் பின்னாடி கொண்டுபோற தண்டுல, நம்ம மெக்கானிக்குகள் 'யூஜே கிராஸ்'னு சொல்ற சிலுவை வடிவ இணைப்பு இருக்கும். 16-ம் நூற்றாண்டு இத்தாலியின் கார்டானோ, 17-ம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் ஆகிய ரெண்டு பேர் பேரும் அதுக்கு உண்டு.

அதுல ஒரு குறை. கோணம் கூடினா சுழற்சி சீரா இருக்காது. 30 டிகிரி சாய்வில ஒரு பக்கம் நிமிஷத்துக்கு 100 சுற்று சீராச் சுத்தினா, மறுபக்கம் ஒவ்வொரு சுற்றுக்குள்ளயும் 87-க்கும் 115-க்கும் நடுவுல ரெண்டு தடவை ஏறி இறங்கும். பின்சக்கர வண்டியில தண்டோட சாய்வு குறைவுங்கறதால சமாளிச்சிடலாம். ஆனா திரும்புற சக்கரத்துக்கே என்ஜின் பலத்தையும் கொடுக்கணும்னா, ஸ்டியரிங் கையில குலுங்கும்.

இதுக்குத் தீர்வு தேடினவங்கள்ல ஒருத்தர், அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனியில் வேலை பார்த்த பொறியாளர் ஆல்ஃபிரெட் ரெஸப்பா. 1920-களின் பிற்பகுதியில் அவர் வடிவமைச்ச இணைப்புல, வளைஞ்ச பள்ளங்களுக்குள்ள எஃகு உருண்டைகள் ஓடும். இன்னைக்கு வழக்கமா ஆறு உருண்டை. எந்தக் கோணத்துல திரும்பினாலும் ரெண்டு தண்டுக்கும் நடுக்கோணத்துலயே உருண்டைகள் நிக்கும். அதனால வேகம் மாறாது. இதுதான் சிவி ஜாயின்ட்.

1959-ல் இங்கிலாந்தில் வந்த மினி கார் இதைச் சின்ன வண்டிகளுக்குக் கொண்டு வந்துச்சு. நம்ம ஊருக்கு இதைப் பெருமளவில் கொண்டு வந்தது 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800. கூடவே ஒரு புதுச் சத்தமும் வந்து சேர்ந்துச்சு.

உறைதான் உயிர்

அந்த உருண்டைகள் கிரீஸ்லயே வாழணும். கிரீஸை உள்ள வச்சு, மண்ணை வெளிய நிறுத்துறது மடிப்பு மடிப்பா இருக்கிற ஒரு ரப்பர் பூட். அது கிழிஞ்சா சக்கரம் சுத்தச் சுத்த கிரீஸ் வெளிய தெறிக்கும், மண் உள்ள போகும், பள்ளம் தேயும். தேய்ஞ்ச பள்ளத்துல உருண்டை குதிக்கிறதுதான் அந்த டக் டக்.

ஆரம்பகால கார்கள்ல இந்த உறை வேலையைச் செஞ்சது தோல். இணைப்புகள் மேலயும் பட்டை ஸ்பிரிங்குகள் மேலயும் கிரீஸ் நிரப்பின தோலுறை மாட்டுவாங்க. இதை அப்பாகிட்ட சொன்னேன். முதல் தடவையா ஆர்வமாகி, "தோலுக்கு எண்ணெய் போகலன்னா விரிசல்தான். ரப்பருக்கும் வயசாகும்ல?"னார். அடுத்த நாள் அவரே வண்டியை எடுத்தார்.

ஆம்பூர்ல தெரிஞ்ச மெக்கானிக் பாய், வண்டியைத் தொடுறதுக்கு முன்னாடி காலி மைதானத்துல ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு ரெண்டு பக்கமும் மெதுவா வட்டம் அடிச்சார். அவர் சொல்லிக் கொடுத்த கணக்கு:

- முழுசா திருப்பி ஆக்சிலரேட்டர் கொடுத்தா டக் டக்: சக்கரப் பக்க சிவி ஜாயின்ட். பெரும்பாலும் வளைவின் வெளிப்பக்கச் சக்கரம்.
- வேகத்துல 'ஊம்'னு முனகி, வளைவில அது கூடிக் குறைஞ்சா: வீல் பேரிங்.
- நின்ன இடத்துலயே திருப்பும்போது 'கிரீச்', 'டொக்': ஸ்ட்ரட் மவுன்ட் அல்லது பால் ஜாயின்ட். பால் ஜாயின்ட் ஆட்டம் கண்டா தள்ளிப்போடவே கூடாது.
- ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங்ல முனகல்: முதல்ல ஆயில் அளவு.

வலது பக்க பூட்ல சின்ன விரிசல், ஜாயின்ட் நல்லா இருந்துச்சு. கழுவி, புது மாலிப்டினம் கிரீஸ் வச்சு, புது பூட் மாட்டினார். இடது பக்க ஜாயின்டை மட்டும் மாத்தினார். "பூட் கிழிஞ்சப்பவே வந்திருந்தா இதுவும் தப்பிச்சிருக்கும் தம்பி. கிரீஸ் வச்சா சத்தம் அமுங்கும், தேய்மானம் திரும்ப வராது."

அடுத்த தடவை டயர் காத்து பிடிக்கும்போது ஸ்டியரிங்கை ஒடிச்சு வச்சுட்டு, முன்சக்கரத்துக்குப் பின்னாடி டார்ச் அடிச்சுப் பாருங்க. உள்பக்கம் கறுப்பா கிரீஸ் தெறிச்சிருந்தா நேரம் குறைவு.

போன ஞாயிறு திரும்ப ஏலகிரி போனோம். மூணாவது வளைவுக்கு முன்னாடி அப்பா ரேடியோவை அணைச்சார். காத்துச் சத்தம் மட்டும்தான். அடுத்த வாரம் பார்க்கலாம்.